கண்ணீர்ப்புகை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு, அக்கம்பக்கத்து ஊர்களில் முதலுதவி வகுப்பு எடுத்து வருகிறேன். தீக்காயம், பாம்புக்கடி, மாரடைப்பு என்று எதை நடத்தத் தொடங்கினாலும், எங்காவது கூட்டத்தைக் கலைக்கக் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள் என்று செய்தி வந்த வாரத்தில் கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்பிவிடுகின்றன. ஒரே ஐயத்துக்கு எத்தனை முறை பதில் சொல்வது என்று தோன்றியதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் குறித்துக்கொண்டு பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கண்ணீர்ப்புகை என்பது வாயுவா, புகையா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே?

புகை என்பதே சரி. ஆங்கிலத்தில் 'டியர் கேஸ்' என்று அழைப்பதால் அது சமையல் வாயுவைப் போல உருளையில் அடைத்து வைத்த வாயு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இன்று மிகுதியாகப் பயன்படும் சிஎஸ் என்ற வேதிப்பொருள் அறை வெப்பநிலையில் வெண்ணிறத் தூள்தான். குண்டுக்குள் எரியும் கலவையின் சூட்டில் அது ஆவியாகி வெளியேறுகிறது; வெளிக்காற்றின் குளிர்ச்சி பட்டதும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்துகள்களாக உறைந்து மிதக்கிறது. தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, வேதியியல் தெரிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வாயு என்றால் காற்றில் கலந்து போய்விடும். துகள் என்றால் சட்டையிலும் தலைமுடியிலும் சன்னல் கம்பியிலும் படிந்து, தட்டினால் மறுபடி கிளம்பும். கீழே முதலுதவி பற்றிச் சொல்லப்போகும் பெரும்பாலான செய்திகளுக்கு இந்த ஒன்றுதான் காரணம்.

எல்லாக் கண்ணீர்ப்புகையும் ஒன்றுதானா?

இல்லை. சிஎஸ் என்ற பொருளை 1928இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் கார்சன், ஸ்டோட்டன் என்ற இருவர் முதன்முதலில் உருவாக்கினார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயரானது. அதற்கு முன்பு பரவலாக இருந்த சிஎன் அதைவிட நச்சுத்தன்மை கூடியது என்பதால் பல நாடுகளில் பின்தள்ளப்பட்டது. மூன்றாவது வகை, மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை மூலமாகக் கொண்டது. கைப்பையில் வைத்துக்கொள்ளும் தற்காப்புத் தெளிப்பான்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் குவாலியரை அடுத்த டேகன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் கீழ் 1976 முதல் இயங்கும் தொழிற்கூடம் இந்தக் குண்டுகளைத் தயாரிக்கிறது. 2016இல் காஷ்மீரில் பெல்லட் துப்பாக்கிகளால் பலர் பார்வை இழந்து பெரும் கண்டனம் எழுந்தபோது, மாற்று வழி தேட அமைக்கப்பட்ட குழு 'பாவா' என்ற மிளகாய்க் காரப் பொருள் அடங்கிய குண்டுகளைப் பரிந்துரைத்தது.

வெங்காயம் நறுக்கும்போது வரும் கண்ணீரும் இதனால் வரும் கண்ணீரும் ஒன்றா?

வழி ஒன்று, அளவு வேறு. நம் உணர்வு நரம்புகளின் முனையில், உறுத்தும் வேதிப்பொருள் வந்தால் மூளைக்கு அபாயச் செய்தி அனுப்பும் ஏற்பிகள் இருக்கின்றன. வெங்காயத்திலிருந்து கிளம்பும் ஆவியும் சிஎஸ் துகளும் அவற்றில் ஒரே ஏற்பியைத்தான் தட்டுகின்றன. மிளகாய்க் காரம் தட்டுவது அதற்குப் பக்கத்து ஏற்பியை. கண்ணீர் பெருகுவதும் இமை தானாக மூடிக்கொள்வதும் மூக்கு ஒழுகுவதும் இருமல் வருவதும் உடல் தன்னைக் கழுவிக்கொள்ளச் செய்யும் முயற்சிகள். அடுப்படியில் அது ஒரு நிமிடத் தொல்லை. தெருவில் இமையைத் திறக்கவே முடியாமல், நெஞ்சை யாரோ இறுக்குவது போல இருக்கும்.

எரிச்சல் எவ்வளவு நேரம் இருக்கும்?

திறந்த வெளியில் சிறிது நேரம் மட்டும் மூச்சில் பட்ட நல்ல உடல்நலம் உள்ள பெரியவருக்கு, புகையை விட்டு வெளியேறிய 15 முதல் 30 நிமிடங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தோல் எரிச்சல் மட்டும் சில மணி நேரம் நீளலாம். பார்வை மங்கல், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அதற்கு மேலும் தொடர்ந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அரை மணி நேரம் பார்ப்போம் என்று காத்திருக்கவே கூடாது.

கண்ணில் பட்டுவிட்டது. முதலில் என்ன செய்வது?

முதலில் இடத்தை விட்டு நகருங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, முடிந்தால் சற்று மேடான இடத்துக்குப் போக வேண்டும். புகை காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் தாழ்ந்த சந்திலும் தேங்கி நிற்கும். ஓட வேண்டியதில்லை, விரைந்து நடந்தால் போதும். ஓடினால் மூச்சு வாங்கும், புகை இன்னும் ஆழமாக உள்ளே போகும், கண் தெரியாமல் விழவும் நேரும்.

கண்ணைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் துகள் கருவிழியில் உரசும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைக் கழுவிவிட்டு எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரை 10 முதல் 15 நிமிடம் வரை கண்ணில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு 'கழுவிவிட்டேன், போகவில்லை' என்கிறவர்களே அதிகம். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி இன்னொருவர் ஊற்றுவது நல்லது. தலையிலிருந்து ஊற்றினால் முடியில் இருக்கும் துகளும் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கும்.

பிறகு உடை. தலை வழியாகக் கழற்றும் பனியன் அல்லது டி-சட்டையாக இருந்தால் கத்தரியால் வெட்டி எடுப்பதே மேல், ஏனென்றால் அதை முகத்தின் மேல் இழுத்தால் துகள் மறுபடியும் கண்ணில் விழும். கழற்றிய உடையைப் பையில் போட்டுக் கட்டிவைத்துவிட்டு, உடம்பைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

பற்பசை பூசினால், வெங்காயத்தை முகர்ந்தால், பாலில் கழுவினால் சரியாகிவிடுமாமே?

இப்படிச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி எனக்கே பலமுறை வந்திருக்கிறது. மிளகாய்க் காரத்தைத் தோலில் பூசி, அதன் மேல் பால், குழந்தைகளுக்கான ஷாம்பு, வயிற்று அமிலத்துக்குக் குடிக்கும் மருந்து, மரத்துப்போகச் செய்யும் களிம்பு, வெறும் தண்ணீர் ஆகியவற்றைத் தனித்தனியே போட்டு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், எதுவும் தண்ணீரைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலானதாக இல்லை. எரிச்சல் குறைந்தது நேரம் கடந்ததால்தான். பற்பசை துகளைத் தோலோடு ஒட்டவைக்கும். வெங்காயம் என்ன செய்யும் என்பதை மூன்றாவது கேள்வியில் பார்த்தோம். எரிகிற ஏற்பியை இன்னொரு முறை தட்டுவதில் பயன் ஏதும் இல்லை.

கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டினால் போதுமா?

ஓரளவு துகளைத் தடுக்கும், ஆனால் கண் திறந்தே இருக்கிறதே. துணி சிறிது நேரத்தில் துகளை உறிஞ்சி, அதுவே எரிச்சலைத் தருவதாக மாறிவிடும். அதை அந்த இடத்தை விட்டு வெளியேறும் வரைக்குமான ஏற்பாடாகக் கொள்ளலாம்; கட்டிக்கொண்டு அங்கேயே நிற்பதற்கு உதவாது.

நாங்கள் எந்தப் போராட்டத்திலும் இல்லை. தெருவில் வீசியது வீட்டுக்குள் வந்துவிட்டது. என்ன செய்வது?

வீசும்போது கதவு, சன்னல்களைச் சாத்தி, வெளிக்காற்றை இழுக்கும் ஏசி, மின்விசிறி ஆகியவற்றை நிறுத்துங்கள். வெளியே புகை அடங்கிய பிறகு எல்லாவற்றையும் திறந்து காற்றோட்டம் விடுங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் தெருப்பக்கம் இல்லாத அறைக்கு மாற்றிவிடுவது நல்லது. குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள், அடிக்கடி மூச்சு விடுபவர்கள் என்பதால் அவர்களுக்குப் பாதிப்பு கூடுதல். மூடாமல் வைத்திருந்த உணவைக் கொட்டிவிட வேண்டும்.

சுத்தம் செய்யும்போது துடைப்பத்தைத் தொடாதீர்கள். ஒருமுறை பேருந்து நிலையம் ஒன்றில், முதல் நாள் மாலை குண்டு வீசப்பட்ட இடத்தில், மறுநாள் காலை தேநீர்க் கடைக்காரர் வழக்கம்போலத் தென்னந்துடைப்பத்தால் வாசலைக் கூட்டத் தொடங்கினார். நான்கு இழுப்புக்குள் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கடைக்காரரோ பாய்லருக்குப் பின்னால் போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஈரத்துணியால் துடைத்துத்தான் கடை திறக்க முடிந்தது. முதல் பதிலில் சொன்ன 'துகள்' இதுதான்.

காலடியில் விழுந்த குண்டை எடுத்துத் திருப்பி எறியலாமா?

கூடாது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், உள்ளே கலவை எரிந்துகொண்டிருப்பதால் குண்டின் உலோக உறை கையைப் பொசுக்கிவிடும் சூட்டில் இருக்கும். எரியாமல் விழுந்து கிடப்பதாகத் தோன்றும் குண்டும் சற்றுத் தாமதித்து வெடிக்கலாம். கைவிரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

உலகெங்கும் மக்கள் வேறு வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2019இல் ஹாங்காங்கில் சாலைத் தடுப்புக் கூம்பைக் குண்டின் மேல் கவிழ்த்து, மேல் துளை வழியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சாப்–ஹரியானா எல்லையான ஷம்புவில் விவசாயிகள் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார்கள். டிரோன் வழியாகக் குண்டுகள் விழத் தொடங்கியபோது, நூலில் டிரோனைச் சிக்கவைக்கப் பட்டம் விட்டார்கள். இவற்றைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அருகில் போகிறவருக்கே புகை அதிகம் அடிக்கும்.

இதை முதலில் பயன்படுத்தியது போலீசா, ராணுவமா?

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுப் படை கண்ணீர் வரவழைக்கும் வேதிப்பொருள் அடைத்த குண்டுகளைப் பயன்படுத்தியது. 1915 ஜனவரியில் போலிமோவ் என்ற இடத்தில் ஜெர்மானியர்கள் ரஷ்யர்கள் மீது அத்தகைய பொருளை ஏவியபோது, கடுங்குளிரில் அது ஆவியாகாமல் வீணாயிற்று. சில மாதங்களில் கண்ணீர் வரவழைப்பவை போய், கொல்லும் குளோரின் வந்தது. போர் முடிந்த பிறகு, அமெரிக்க ராணுவத்தின் வேதிப்போர்ப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஏமஸ் ஃபிரைஸ் இதை உள்நாட்டுக் காவலுக்கு உகந்த கருவி என்று முனைந்து பரப்பினார். 1932 ஜூலையில் வாஷிங்டனில், தங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட ஊக்கத்தொகையைக் கேட்டு முகாமிட்டிருந்த முன்னாள் போர்வீரர்கள் மீதே ராணுவம் அதை வீசியது.

போரில் தடை என்கிறார்கள், ஊருக்குள் மட்டும் எப்படி அனுமதி?

வகுப்பில் யாராவது இதைக் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1997 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள வேதி ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் பிரிவு, கலகக் கட்டுப்பாட்டுப் பொருள்களைப் போர்முறையாகப் பயன்படுத்துவதில்லை என்று உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அதே உடன்படிக்கை, உள்நாட்டுக் கலகத்தை அடக்குவது உள்ளிட்ட சட்டம் ஒழுங்குப் பணியைத் தடை செய்யப்படாத நோக்கமாக ஏற்கிறது. இந்தியாவும் இலங்கையும் இதில் உறுப்பு நாடுகள்.

இதற்குச் சொல்லப்படும் காரணம் இரண்டு. போர்க்களத்தில் எதிரே கிளம்பும் புகை கண்ணீர் வரவழைப்பதா, உயிரைப் பறிப்பதா என்று பார்த்தவுடன் தெரியாது. அந்த அச்சத்தில் எதிரி உண்மையான நச்சை ஏவிவிட்டால், முதல் உலகப் போரில் நடந்தது மீண்டும் நடக்கும். இன்னொன்று, பதுங்கு குழியிலிருந்து ஆட்களைப் புகையால் வெளியேற்றிச் சுட்டுக் கொல்ல அது பயன்படும். வியட்நாமில் அமெரிக்கப் படை அப்படிப் பயன்படுத்தியது. தர்க்கம் புரிகிறது என்றாலும், எதிரிப் படைவீரனுக்கு இல்லாத புகை சொந்த ஊர்க்காரனுக்கு உண்டு என்பதைக் கேட்டு வகுப்பில் ஒருவரும் இதுவரை நிறைவடைந்ததில்லை, நானும் நிறைவடைந்ததில்லை.

144 போட்டிருந்தால் உடனே வீசலாமா?

இரண்டு பிரிவுகளை மக்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். '144' என்பது ஒரு செயலைத் தடுக்கும் ஆணைக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 163. பழக்கத்தில் இன்னும் 144 என்றே சொல்கிறோம். கூட்டத்தைக் கலைப்பது பற்றியது பழைய 129, இப்போது 148. அதன்படி நிர்வாக நடுவர், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஆகியோர் சட்டவிரோதக் கூட்டத்தையோ, அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டத்தையோ கலைந்து போகுமாறு ஆணையிடலாம். கலையாவிட்டால், அல்லது ஆணைக்கு முன்பே கலையப்போவதில்லை என்பது நடத்தையிலேயே தெரிந்தால், பலத்தைப் பயன்படுத்தலாம்.

கண்ணீர்ப்புகை என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. எந்தப் பலம், எந்த வரிசை என்பதெல்லாம் காவல் துறையின் நிலையாணைகளிலும் பயிற்சியிலும்தான் இருக்கின்றன.

கண்ணீர்ப்புகையால் யாரும் சாவதில்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு?

பரிந்துரைத்தபடி திறந்த வெளியில் பயன்படுத்தினால் சாவு அரிது என்பது உண்மை. சாவுகள் நேர்வது வேறு வழிகளில். முதலாவது, குண்டே நேராகத் தாக்குவது. துப்பாக்கியிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் பறக்கும் உலோகக் குண்டை மேல்நோக்கிச் சாய்த்துச் சுடுவதற்குப் பதில் ஆள்மட்டத்தில் சுட்டால் அது ஒரு தோட்டாதான். 1987 ஜூன் 9 அன்று சியோலில் யோன்செய் பல்கலைக்கழக மாணவர் லீ ஹன்-யோல் தலையில் அப்படித்தான் அடிபட்டார்; ஜூலை 5இல் இறந்தார். 2013இல் இஸ்தான்புல்லில் தலையில் குண்டு பட்ட 14 வயதுச் சிறுவன் பெர்கின் எல்வான், மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடந்து 2014 மார்ச்சில் இறந்தான்.

இரண்டாவது, அடைத்த இடம். 2013 ஆகஸ்ட் 18 அன்று கெய்ரோவுக்கு அருகே அபு ஸாபல் சிறை வாசலில், கைதிகளை அடைத்திருந்த வண்டிக்குள் கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டதில் 37 பேர் மாண்டார்கள். மூன்றாவது, கலையும் கூட்டத்துக்கு நேர்வது. யாழ்ப்பாணத்தில் 1974 ஜனவரி 10 அன்று, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் கூட்டத்தைப் பொலிஸார் கண்ணீர்ப்புகையாலும் வானை நோக்கிய வேட்டுகளாலும் கலைக்க முற்பட்டபோது மின்கம்பி அறுந்து விழுந்து, மின்சாரம் தாக்கி மக்கள் உயிரிழந்ததை அங்குள்ளவர்கள் இன்றும் மறக்கவில்லை.

விளையாட்டு மைதானத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள்?

கண்ணீர்ப்புகை ஒரே ஒரு வேலைக்கானது: நிற்கிறவரை அந்த இடத்தை விட்டுப் போகச் செய்வது. போவதற்கு வழி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். மைதானத்தின் பார்வையாளர் மேடையில் உட்கார்ந்திருப்பவருக்கு வழி என்பது சரிவான படிகளும், அவற்றின் அடியில் ஒரு குறுகிய கதவுமே.

2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்தில் உள்ள கஞ்சுருஹான் மைதானத்தில், சொந்த ஊர்க் கால்பந்து அணியான அரேமா தன் பரம எதிரியான பெர்செபயாவிடம் 3–2 என்று தோற்றது. ரசிகர்கள் சிலர் ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள். காவலர்கள் அவர்கள் மீது மட்டும் அல்லாமல், இருக்கைகளில் இருந்தவர்கள் பக்கமும் கண்ணீர்ப்புகை வீசினார்கள். கண் தெரியாத, மூச்சு விட முடியாத ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் படியிறங்கி வாயில்களை நோக்கி நெருக்கியது; முன்னே இருந்தவர்கள் கதவோடு நசுங்கினார்கள், பின்னே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 135 பேர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர் சிறுமியர் பலர். அரசு அமைத்த உண்மையறியும் குழு கண்ணீர்ப்புகையையே முதன்மைக் காரணமாகக் கூறியது. மைதானத்துக்குள் காவலர்கள் துப்பாக்கியோ கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வாயுவோ கொண்டுவரவும் பயன்படுத்தவும் கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் அதற்கு முன்பே சொல்லியிருந்தன.

அது முதல் முறையும் இல்லை. 1964 மே 24 அன்று பெருவின் லிமாவில், நடுவர் ஒரு கோலை ஏற்க மறுத்ததில் தொடங்கிய குழப்பத்தில் மேடைகளில் புகை வீசப்பட்டது. மக்கள் படிச்சுரங்கங்களில் இறங்கி ஓடியபோது அடியில் இருந்த இரும்புக் கதவுகள் மூடிக் கிடந்தன. அரசுக் கணக்கில் மட்டும் 328 பேர். 2001 மே 9 அன்று கானாவின் அக்ராவில் மீண்டும் அதே புகை, அதே பூட்டிய வாயில்கள், 126 பேர்.

காலாவதியான குண்டு என்றால் வீரியம் குறைந்திருக்கும், அது நல்லதுதானே?

கஞ்சுருஹானில் பயன்படுத்தப்பட்டவற்றில் சில 2021லேயே காலாவதியானவை என்று ஒப்புக்கொண்ட இந்தோனேசியக் காவல் துறையும் இதைத்தான் சொன்னது: நாள் கடந்தால் வேதிப்பொருளின் அளவு குறையும் என்று. பாதி மட்டுமே சரி. குண்டு என்பது சிஎஸ் மட்டும் அன்று. எரியூட்டும் கலவை, திரி, உறை எல்லாம் சேர்ந்தது. ஈரம் ஏறிப் பழையதான கலவை தாமதமாகப் பற்றலாம், சீரற்று எரியலாம், உறை பிளக்கலாம். வாணவேடிக்கைக் கடையில் போன வருடத்துப் பட்டாசை வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடிக்கடி மூச்சில் பட்டால் பின்னாளில் பாதிப்பு வருமா?

அமெரிக்க ராணுவம் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் முகமூடிப் பயிற்சிக்காகச் சிஎஸ் புகை நிரம்பிய அறைக்குள் அனுப்புகிறது. அவர்களில் 6,723 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அந்த அறைக்குப் போய்வந்த பிறகான நாள்களில் கடும் சுவாச நோய்க்கான வாய்ப்பு முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இவர்கள் இளைஞர்கள், நல்ல உடல்நலம் உள்ளவர்கள், ஒரே ஒரு முறை மட்டும் புகை பட்டவர்கள். மாதக்கணக்கில் புகை படியும் தெருவில் குடியிருக்கும் பாட்டியின் நுரையீரலுக்கு 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்றை அந்தப் பயிற்சி அறையிலிருந்து எடுத்துவைப்பது சரியாகாது.

அப்படியானால் கண்ணீர்ப்புகையே வேண்டாம் என்கிறீர்களா?

இதைக் கேட்டவர் ஒரு காவலர். வகுப்புக்குச் சீருடையில் இல்லாமல் வந்து, பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'இது இல்லாவிட்டால் எங்கள் கையில் தடியும் துப்பாக்கியும்தான் மிஞ்சும், அது பரவாயில்லையா?' என்று தொடர்ந்தார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. தடியடியில் உடையும் மண்டையுடன் ஒப்பிட்டால் அரை மணி நேரக் கண்ணீர் சிறியதுதான். ஆனால் சிறியது என்ற நினைப்பே இதை எளிதாக எடுக்க வைக்கிறது. துப்பாக்கியை நீட்டும் முன் நூறு முறை யோசிக்கும் அதிகாரி, இதை நீட்டும் முன் ஒரு முறையாவது கூட்டத்துக்குப் பின்னால் தெரு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா என்று கேட்டேன். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அடைத்த இடத்திலும் வெளியேற வழியற்ற இடத்திலும் வீசக் கூடாது என்றே சொல்கிறது.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தான் நிற்கும் இடத்திலிருந்து கூட்டத்தின் முன்வரிசைதான் தெரியும் என்றும், பின்னால் தெரு இருக்கிறதா சுவர் இருக்கிறதா என்று அங்கிருந்து பார்க்க முடிந்ததே இல்லை என்றும் சொன்னார்.